மைல்களும் உம்ராவும்



வளைகுடாவில் உழைக்கும் பிள்ளைகள், விமானப் பயணங்களில் சேர்ந்த ‘மைல்’களைக் கொண்டு பெற்றோரை உம்ராவுக்கு அனுப்ப விழைகின்றனர். நல்ல எண்ணந்தான். ஆனால் போளூரில் ஒரு தாய் பெட்டி கட்டிய பின்னர், இணையதளம் காட்டிய இருக்கை விமான நிறுவனத்திடம் இல்லை என்றாயிற்று. மகனோ அதனை நம்பி வங்கிப் புள்ளிகளை மைல்களாக மாற்றிவிட்டார், மாற்றியவை திரும்பா.

சீட்ஸ்.ஏரோ போன்ற தளங்கள் பெரும்பாலும் முன்னரே திரட்டிய விவரங்களையே காட்டுகின்றன. பாயிண்ட்.மீ நாம் கேட்கும் வேளையில் தேடுகிறது. சற்றுப் பொறுக்க வேண்டும். எதனைத் தேர்ந்தாலும், உங்கள் மைல்கள் உள்ள திட்டத்தை அது தேடுகிறதா என முதலில் பாருங்கள். சவூதியா 2012 முதல் ஸ்கைடீம் கூட்டணியிலும், ஏர் இந்தியா 2014 முதல் ஸ்டார் அலையன்ஸிலும் உள்ளன. எமிரேட்ஸ் எதிலும் இல்லை.

நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் இருக்கையைக் கண்டபின்னரே புள்ளிகளை மாற்றுங்கள். வரிக்கெனத் தனியே பணமும் வைத்திருங்கள்.