ஃபங்ஷனுக்குப் பின்னால ஒளிச்சு வைச்ச வேலை

"டேட்டாபேஸுக்கு விசர் பிடிச்சிட்டுது."

மென்பொருள் வேலைக்குப் போன எவரும் இந்த வசனத்தை ஒருக்காவது கேட்டிருப்பீங்கள். போன மாசம் வரைக்கும் ஒழுங்கா ஓடின ஸ்டோர்ட் ப்ரொசீஜர் இப்ப திணறுது. பழி டேட்டாபேஸுக்கு. இல்லாட்டி, கடைசியா அதில கை வைச்ச புதுப் பெடியனுக்கோ பெட்டைக்கோ. பிறகு, பெரிய சேர்வர் வாங்குவம் எண்டு ஒரு கூட்டம்.

விசர் டேட்டாபேஸுக்கு இல்லை. நாங்கள் பழகின முறையிலதான் பிழை.

ஜாவாவிலயும் சி ஷார்ப்பிலயும் எங்களுக்கு ஊட்டின பாடம்: ஒண்டையே திரும்பத் திரும்ப எழுதாதே, ஃபங்ஷனாக்கு. நல்ல பாடம்தான். ஆனா அதை அப்பிடியே தூக்கிக்கொண்டு எஸ்.கியூ.எல்.லுக்குள்ள வாறம். ஒரு கடன் மென்பொருளை எடுப்பம். வாடிக்கையாளர் எண்ணைக் குடுத்தால் நிலுவையைத் தாற ஒரு ஃபங்ஷன். அதுக்குள்ள, கொடுப்பனவு அட்டவணையைத் தேடுற ஒரு குவெரி. ப்ரொசீஜரில செலெக்ட் வரியில அந்த ஃபங்ஷன்ர பெயரைப் போட்டால் காணும். பார்க்க வடிவா இருக்கும். சோதிக்கேக்க 10 வாடிக்கையாளர். ஃபங்ஷன் 10 தரம் ஓடும், ஒருத்தருக்கும் உறைக்காது. உண்மையான தரவில 100,000 பேர் எண்டால் 100,000 தரம் ஓடும். சாமான் பட்டியலைக் கையில வைச்சுக்கொண்டு, ஒவ்வொரு சாமானுக்கும் ஒருக்கா சந்தைக்குப் போய்வாற கதை.

இதில மோசம் என்னெண்டால், அந்த நடை கண்ணுக்குத் தெரியாது. மைக்ரோசொஃப்டின்ர எஸ்.கியூ.எல். சேர்வரில, ஒற்றைப் பெறுமதியைத் தாற இப்பிடியான ஃபங்ஷன் உள்ளுக்குள்ள வாசிக்கிற பக்கங்கள் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஐஓ கணக்கில வராது. அது இருக்கிற குவெரி பல ப்ரொசெஸர்களுக்குப் பிரிஞ்சு ஓடவும் மாட்டுது. கடைசியில 2019 பதிப்பில, இந்த ஃபங்ஷன்களைக் குவெரிக்குள்ளயே விரிச்சு ஓட்டுற வசதியைச் சேர்த்தினம். பிரச்சினை தீர்ந்துதோ? ஃபங்ஷனுக்குள்ள கெட்டேட் எண்டு ஒருக்கா எழுதிப் பாருங்கோ. விரிக்கிறது நிண்டுபோம். எச்சரிக்கையும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை.

போஸ்ட்கிரெஸ் பாவிக்கிறவை சிரிக்க வேண்டாம். அங்க நீங்கள் ஒண்டும் சொல்லாட்டி, உங்கட ஃபங்ஷன் வொலடைல். அதாவது, கூப்பிடுற ஒவ்வொரு தரமும் வேற விடை வரலாம் எண்டு அது எடுத்துக்கொள்ளும். வேர் நிபந்தனையில ஒரு நிரலை அதோட ஒப்பிட்டால், இன்டெக்ஸ் இருந்தாலும் அதால தேடாது. நிரை நிரையா ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பார்க்கும். விடை மாறாத இடத்தில ஸ்டேபிள் எண்ட ஒரு சொல்லைச் சேர்த்தால் இன்டெக்ஸ் பாவிக்க வழி திறக்கும். ஆனா வேகத்துக்கு ஆசைப்பட்டு, அட்டவணையை வாசிக்கிற ஃபங்ஷனை இம்யூட்டபிள் எண்டு பொய் சொன்னால், பழைய விடையையே திருப்பித் தரலாம். பிந்தி வாற சரியான நிலுவையைவிட, உடனே வாற பிழையான நிலுவை ஆபத்து. அது ஒரு மனிசரின்ர கடன்.

"அப்ப ஒரே விதியைப் பத்து இடத்தில எழுதுறதோ?" எண்டு கேப்பீங்கள். இல்லை. வியூ இருக்கு. ஜொயின் இருக்கு. எஸ்.கியூ.எல். சேர்வரிலயே, ஒரேயொரு செலெக்ட்டோட அட்டவணையைத் திருப்பித் தாற ஃபங்ஷன் இருக்கு; அதைப் பெரிய குவெரியோட சேர்த்து ஒரே திட்டமாப் போடும். எல்லாருடைய நிலுவையையும் ஒரே தரத்தில கூட்டி எடுக்கலாம். என்ன வேணும் எண்டு மட்டும் சொன்னால், எப்பிடி எடுக்கிறதெண்டு டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும். நாங்கள் அந்தக் கேள்வியைப் பெட்டிக்குள்ள பூட்டி நீட்டிப்போட்டு, ஏன் பிந்துது எண்டு கத்துறம்.

படிப்பிக்கிறவையிட்ட ஒரு வேண்டுகோள்: நோர்மலைசேஷனை மனப்பாடம் செய்விக்கிற நேரத்தில ஒரு மணித்தியாலத்தை எடுத்து, எக்சிகியூஷன் பிளானை விரிச்சு வாசிக்கக் காட்டுங்கோ. வேலைத்தளத்தில மூத்தவையிட்ட இன்னொண்டு: புதுசா வந்த பிள்ளையிட்ட "நீ என்ன செய்தனீ?" எண்டு கேக்க முதல், "இந்த ஃபங்ஷன் எத்தனை தரம் ஓடுது?" எண்டு நீங்களே ஒருக்காப் பாருங்கோ.