வெள்ளையடிக்கும் முன் விதானத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய இந்து சமய அறநிலையத் துறை ஆணையர் அவர்களுக்கு,

திருவாரூர் தியாகராசர் கோயிலின் தேவாசிரியன் மண்டபத்துக்குள் நுழைபவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பது வழக்கம். விதானமெங்கும் முசுகுந்தன் கதை. குரங்கு முகம் கொண்ட அந்தச் சோழ மன்னன் இந்திரலோகம் போகிறான். ஒரே சாயலில் இருக்கும் ஏழு திருமேனிகளில் உண்மையான தியாகராசரைக் கண்டுகொள்கிறான். ஆரூருக்கு அழைத்து வருகிறான். பட்டை பட்டையாக ஓடும் காட்சிகளுக்கு அடியில் தமிழில் விளக்கம். திருவிழாக் காட்சியில் வாணவேடிக்கை கூட உண்டு.

தஞ்சை மராட்டிய மன்னர் சகசி காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டித் தீட்டப்பட்டவை இவை. வரைந்தவர் பெயர் சிங்காதனம். பெயர் தெரிந்த பழைய தமிழகச் சுவரோவியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவரான இவர், தம் பெயரைத் தாமே எழுதிவைத்துப் போயிருக்கிறார்.

அந்த விதானமும் ஏறக்குறைய கைவிட்டுப் போகவிருந்தது. பிரகிருதி அறக்கட்டளையும் இன்டாக் என்னும் மரபுப் பாதுகாப்பு அமைப்பின் வல்லுநர்களும் பொறுமையாகச் சுத்தம் செய்து மீட்டார்கள். எல்லாக் கோயில்களுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

ஓவியம் எப்படி அழிகிறது என்பதைத் திருப்பணியில் கைவைக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். நாயக்கர், மராட்டியர் கால ஓவியங்கள் பெரும்பாலும் காய்ந்த சுண்ணாம்புப் பூச்சின் மேல் பசை கலந்த நிறத்தால் தீட்டப்பட்டவை. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் எண்ணெய்ப் பிசுக்கோடு நிறமும் சேர்ந்தே போய்விடும். மேல்தளத்தில் மழைநீர் இறங்கினால் சுவரிலுள்ள உப்பு கரைந்து மேற்பரப்புக்கு வரும். காயும்போது நிறத்துக்குப் பின்னால் பொடிப்பொடியாகப் படிந்து, பூச்சைப் பொருக்குப் பொருக்காக வெளியே தள்ளும். பழைய சுண்ணாம்புத் தளத்தின் மேல் சிமென்ட் போட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். ஒழுக்கை அடைக்கச் செய்த வேலையே ஓவியத்துக்கு எமனாகிறது.

வெள்ளையடித்த சுவர் என்றாலும் வெறும் சுவர் என்று எண்ணிவிடக் கூடாது. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய இருண்ட உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை வரலாற்றாய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். பிற்காலத்தில் தொல்லியல் துறை மேலடுக்கைச் சிதைக்காமல் பிரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் பதித்தது. இரண்டு காலத்து ஓவியங்களும் பிழைத்தன. சுரண்டியையும் சுண்ணாம்பு வாளியையும் தூக்கிக்கொண்டு அவசரப்பட்டிருந்தால் இரண்டுமே நமக்கு இல்லை.

2021க்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்களுக்குத் துறை குடமுழுக்கு நடத்தியிருக்கிறது. பெரும்பணி, பாராட்டுக்குரியது. ஆனால் குடமுழுக்குக்கு நாள் குறித்துவிட்டால் வேலையின் வேகமே வேறு. உபயதாரர் கேட்பது பளபளப்பு. ஒப்பந்தக்காரர் கையில் இருப்பது பெயின்ட். ஓவியத்துக்காகப் பேச அங்கே ஆள் இல்லை. தொன்மையான கோயில்களைக் காக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் 75 கட்டளைகள் பிறப்பித்தது. அவற்றின் பயன் சாரம் கட்டும் இடம் வரை வந்து சேர வேண்டும்.

எனவே தங்களிடம் வைக்கும் வேண்டுகோள் இது. பாலாலயம் செய்யும் முன்பே ஒவ்வொரு பழைய கோயிலின் சுவரையும் விதானத்தையும் ஒளிப்படம் எடுத்து ஆவணமாக்க வேண்டும். திருப்பணி மதிப்பீட்டில் ஓவியப் பாதுகாப்புக்கெனத் தனித் தொகை ஒதுக்க வேண்டும். ஓவியப் பாதுகாப்பு வல்லுநர் பார்த்துக் கையெழுத்திடாமல் எந்தப் பழஞ்சுவரையும் கழுவவோ சுரண்டவோ வெள்ளையடிக்கவோ கூடாது எனச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். குடமுழுக்கை அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளிவைக்கலாம். சிங்காதனத்தின் கோடுகளை மறுபடி வரைய ஆளில்லை. அடுத்த திருப்பணிக்கு அனுமதி வழங்கும் கோப்பிலேயே இந்த நிபந்தனையைச் சேர்க்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.