கிறீம் டப்பாவில் எழுதப்படாத மூலப்பொருள்

யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் அழகுசாதனக் கடைகளுக்குச் செல்லும்போது முகக் கிறீம் டப்பாக்களைத் திருப்பிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. முன்பக்கத்தில் "7 நாளில் வெள்ளை" என்று இருக்கும். பின்பக்கத்தில் சிலவற்றில் ஆங்கிலத்தில் நீண்ட பட்டியல் இருக்கும். சிலவற்றில் நாம் வாசிக்க முடியாத வெளிநாட்டு எழுத்துகள் இருக்கும். வேறு சிலவற்றில் எதுவுமே இருக்காது. இதே டப்பாக்கள் முகநூல் நேரலையிலும் விற்கப்படுகின்றன. யார் இறக்குமதி செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

இதை வெறும் அழகு பற்றிய விடயமாகக் கடந்துபோக முடியாது. மணமகள் தேவை விளம்பரங்களில் "நிறமான" என்ற சொல் இன்னும் இருக்கிறது. பகல் முழுவதும் வெயிலில் கூலி வேலை செய்யும் பெண்ணுக்கும், ஆடைத் தொழிற்சாலையில் உழைத்துச் சீதனம் சேர்க்கும் பிள்ளைக்கும் அந்தச் சொல்லின் கனம் தெரியும். போரில் எறிகணைக் காயமோ தீக்காயமோ பட்டு, முகத்திலும் கையிலும் தழும்போடு வாழ்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் இந்த டப்பாவில் வாங்குவது ஒரு நம்பிக்கையை. ஆகவே அதற்குள் என்ன இருக்கிறது என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு.

சருமத்துக்கு நிறம் தருவது மெலனின். வெள்ளையாக்கும் கிறீம்கள் அதன் உற்பத்தியைத் தடுக்க முயல்கின்றன. அதை எதைக் கொண்டு தடுக்கின்றன என்பதில்தான் ஆபத்தும் பாதுகாப்பும் பிரிகின்றன.

ஆபத்தான மூன்று

முதலாவது பாதரசம். மலிவானது, வேகமாக நிறத்தைக் குறைப்பது. சருமத்தினூடாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கக்கூடியது. பூசியவரோடு அது நிற்பதில்லை. துவாய், தலையணை, கை வழியாக வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் பரவும். கர்ப்பிணித் தாய் பூசினால் வயிற்றிலுள்ள சிசுவையும் அடையும். பட்டியலில் "மேர்குரி" என்று எழுதுபவர்கள் அரிது. "கலோமல்", "மேர்குரிக்", "மேர்குரியோ" போன்ற பெயர்களில் வரலாம். எழுதாமலே விடப்படுவதும் உண்டு. தங்கம், வெள்ளி, அலுமினியம் ஆகியவற்றில் படாமல் பூசவும் என்ற எச்சரிக்கை டப்பாவில் இருந்தால், பாதரசம் இருக்கக்கூடும் என்பதற்கு அது ஓர் அடையாளம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இரண்டாவது ஹைட்ரோகுயினோன். தோல் வைத்தியர்கள் அளவறிந்து, குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்தும் மருந்து இது. கண்காணிப்பின்றி நீண்டகாலம் பூசினால் சிலருக்கு நீலங்கலந்த கருமை படிந்துவிடும். அதை நீக்குவது மிகக் கடினம். ஐரோப்பிய ஒன்றியம் வெள்ளையாக்கும் அழகுசாதனங்களில் இதை 2001இலேயே தடைசெய்தது. அமெரிக்காவில் 2020இன் சட்டமாற்றத்துக்குப் பின்னர் வைத்தியரின் சிட்டையின்றி இதை விற்க முடியாது.

மூன்றாவது குளோபெட்டாசோல், பெட்டாமெதசோன் போன்ற ஸ்ரெரொயிட்டுகள். முதல் வாரத்தில் பரு அடங்கும், முகம் பளிச்சிடும். மாதக்கணக்கில் பூசும்போது தோல் மெலியும், இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், முகத்தில் முடி வளரலாம். நிறுத்தினால் எரிவும் சிவப்பும் பருவும் முன்னரை விட மோசமாகத் திரும்பும். மறுபடி பூசினால் அடங்கும். பாவிப்பவர் திரும்பத் திரும்ப அதே டப்பாவுக்கு வருவதன் இரகசியம் இதுதான்.

பாவிக்கக்கூடியவை

நியாசினமைட் என்பது விற்றமின் பி3இன் ஒரு வடிவம். மெலனின் தோலின் மேற்பரப்புக் கலங்களுக்குச் செல்வதைக் குறைக்கிறது. 2 முதல் 5 சதவீதம் போதும். பலன் தெரிய வாரங்கள் ஆகும். பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பானது. விற்றமின் சியும் அசெலாயிக் அமிலமும் இதேபோல மெதுவாக வேலை செய்பவை. ரெட்டினோல் வகைகளைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். வெயிலில் நிற்பவர்களுக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானவை சிங்க் ஒக்சைட் போன்றவை கொண்ட வெயில் தடுப்புக் கிறீமும் ஒரு தொப்பியும்தான். வெயில் தொடர்ந்தால் எந்தக் கிறீமும் கருந்திட்டுகளை வெல்லாது.

கிளிசரினும் வெள்ளைப் பெற்றோலியம் ஜெலியும் ஈரப்பதத்தைக் காப்பவை. மலிவு டப்பாவிலும் விலையுயர்ந்த போத்தலிலும் அடிப்படையாக இவற்றைக் காணலாம். பட்டியலில் அதிகம் உள்ள பொருளே முதலில் வரும். ஒரு சதவீதத்துக்குக் குறைந்தவை எந்த வரிசையிலும் இருக்கலாம். "மஞ்சள், குங்குமப்பூ" என்று முகப்பில் பெரிதாக எழுதி, பட்டியலின் கடைசியில் அவை வந்தால் அவற்றின் அளவு சொற்பமே. "மூலிகை" என்ற சொல் பாதுகாப்புக்கு உத்தரவாதமும் அல்ல.

தழும்புகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வெள்ளையாக்கும் கிறீம் தழும்பை நீக்காது. தழும்பு என்பது தோலின் அமைப்பே மாறிய இடம். சிலிக்கன் ஜெல், வெயில் பாதுகாப்பு, தடித்த தழும்புக்கு வைத்தியர் ஏற்றும் ஸ்ரெரொயிட் ஊசி எனச் சிகிச்சைகள் உள்ளன. டப்பாவில் இருந்தால் கெடுக்கும் அதே வகை மருந்து, வைத்தியர் கையில் உதவுகிறது. அரச போதனா வைத்தியசாலைகளின் தோல் சிகிச்சைப் பிரிவில் இதற்குப் பணம் கேட்கமாட்டார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது?

மினமாட்டா என்பது தொழிற்சாலைப் பாதரசத்தால் சீரழிந்த ஜப்பானியக் கடற்கரை நகரம். அதன் பெயரைத் தாங்கிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. கிலோகிராமுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் கொண்ட அழகுசாதனங்களை 2020உடன் நிறுத்த வேண்டும் என்றது அது. 2023இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் அந்த எல்லையையும் நீக்கி, பாதரசம் சேர்த்த எந்த அழகுசாதனமும் 2025இற்குப் பின் கூடாது என்று முடிவெடுத்தன.

உள்நாட்டில் 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலேயே அழகுசாதனப் பொருட்கள் இருந்தன. அதற்குப் பதிலாக வந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைச் சட்டத்தின் தலைப்பில் மருந்துகளும் மருத்துவ சாதனங்களும் உள்ளன. அழகுசாதனங்கள் இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை கடைகளில் சோதனை நடத்தலாம். ஆனால், பொருள் சந்தைக்கு வந்த பின்னர் துரத்துவதும், வருமுன் பரிசோதிப்பதும் ஒன்றல்ல.

மொழியும் ஒரு தடை. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் தன் முகத்தில் பூசுவது என்ன என்று ஒரு தமிழ்ப் பெண் தன் மொழியில் வாசிக்கும் நிலை இன்னும் வரவில்லை.

பட்டியல் இல்லாத, இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இல்லாத, காலாவதித் திகதி இல்லாத கிறீமை வாங்காதீர்கள். சுயதொழிலாக அதை விற்கும் சகோதரிகளும் பற்றுச்சீட்டையும் பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும். பாதிப்பு ஏற்பட்டால் அவர்கள் முகம்தான் முதலில் தெரியும், இறக்குமதியாளருடையது அல்ல. சந்தேகமானால் 1977 என்ற இலக்கத்தில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். நீண்டகாலம் பாவித்தவர்கள் திடீரென நிறுத்திவிட்டுத் தனியே அவதிப்படாமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போக வேண்டும்.

ஆனால் இந்தச் சுமை முழுவதையும் பாவனையாளரின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. எழுதப்படாத பாதரசத்தை எவ்வளவு கூர்ந்து வாசித்தாலும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதை ஆய்வுகூடம்தான் கண்டுபிடிக்க வேண்டும். துறைமுகத்தில் பரிசோதனை, முடிவுகளைப் பொருளின் பெயரோடு மூன்று மொழிகளிலும் வெளியிடுதல், அழகுசாதனங்களுக்குப் பொறுப்பான ஒரு சட்டம் ஆகிய மூன்றையும் நம் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். தேர்தல் மேடைகளில் இதுவரை நான் கேட்காத கோரிக்கை இது.