வெளிநாட்டு மருமகளும் நோட்டீஸ் பலகையும்

தர்மபுரிப் பையன் வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டினால் ஊரே மண்டபத்தில் கூடிவிடும். பட்டுப்புடவை, மாலை, போட்டோ... பெண் என்ன சாதி என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்!

ஆனால் அவர் இந்து இல்லையென்றால், தீர்த்தமலைக் கோயிலில் தாலி கட்டினாலும் இந்து திருமணச் சட்டத்தில் செல்லாது. 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. மணமாகாதவர் என்று தூதரகச் சான்று வாங்கிவந்து, பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பெயர், வயது, முகவரியோடு அது 30 நாள் பலகையில் தொங்கும்.

வெளிநாட்டுப் பெண்ணுக்கு இது விசா நாட்களைத் தின்னும் தொல்லை, அவ்வளவுதான். மதம் தாண்டிக் காதலித்த உள்ளூர் ஜோடியின் முகவரியும் அதே பலகையில்தான் தொங்குகிறது. அதுவும் எந்த மாவட்டத்தில்? ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை ஒட்டி, 2012 நவம்பர் 7-ல் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றையும் கொளுத்திய மாவட்டத்தில்.

சட்டப்படி ஆட்சேபிக்க வயது, உயிரோடிருக்கும் முந்தைய துணை, நெருங்கிய ரத்த உறவு போன்றவைதான் காரணங்கள் (சாதியும் மதமும் அதில் இல்லை, கவனிக்கவும்). வயதைப் பார்க்க பிறப்புச் சான்றிதழ் போதாதா? ஜோடி எழுதிக் கேட்டால் மட்டும் நோட்டீஸை வெளியிட்டால் போதும் என்று 2021-லேயே அலகாபாத் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே பலகை யாருக்காக?