காற்றுக்கு ஒரு பெட்டி



ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் பழைய நண்பர் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், பையனைக் கொஞ்சம் கண்டிக்கணும். நீங்க சொன்னாத்தான் கேப்பான்."

பையனுக்கு வயது 23. போர்ட் கிள்ளான் பக்கம் கொள்கலன் ஏற்றி இறக்கும் இடத்தில் வேலை. சேர்த்த காசில் பழைய புரோட்டோன் சாகா ஒன்று வாங்கியிருந்தான். 1985 ஜூலையில் நம் நாட்டின் முதல் தேசியக் காராக வந்ததே, அதே பெயரில் பின்னாளில் வந்த வண்டி. அதோடு நின்றிருந்தால் தந்தைக்குப் பெருமைதான். 450 வெள்ளி கொடுத்து ஒரு சப்வூஃபர் பெட்டியை வாங்கி வண்டியின் பின்பக்கத்தில் வைத்துவிட்டான். அவன் இரவில் வீடு திரும்பினால் லயத்துத் தகரக் கூரை நடுங்குகிறதாம். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை விழித்துக்கொண்டு அழுகிறதாம். நண்பர் மானம் போகிறது என்று நொந்துகொண்டார்.

கண்டிக்கும் வார்த்தைகளை வழியெல்லாம் கோத்துக்கொண்டே போனேன். பையன் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முகம் வாடி நின்றான். நான் வாய் திறப்பதற்குள் அவனே சொன்னான்:

"சார், சத்தம் வருது. பாட்டு வரல."

என் கண்டிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அவன் சொன்னது சரியான புகார். ஓர் உருமி மேளப் பாட்டைப் போட்டான். உருமியின் உறுமல் ஒன்று, தவிலின் தொப்பி அடி ஒன்று என்று காதுக்குத் தனித்தனியே தெரிய வேண்டும். அந்தப் பெட்டியில் எல்லாமே ஒரே 'டும்' ஆக வந்தது.

கைப்பேசியில் 40, 50, 60 என்று ஹெர்ட்ஸ் கணக்கில் ஒலி எழுப்பும் செயலி உண்டு. ஹெர்ட்ஸ் என்பது ஒரு விநாடிக்கு எத்தனை முறை காற்று அதிர்கிறது என்ற எண்ணிக்கை. ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டோம். 40-ல் ஒன்றுமில்லை. 50-ல் முனகல். 60-ஐத் தாண்டியதும் வண்டியின் எண் பலகை கடகடவென்று ஆடியது. பெட்டிக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் தெரியும் என்று புரிந்தது.

சப்வூஃபருக்குப் பெட்டி எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்புறக் காற்று நெருங்குகிறது. அதே நேரம் பின்புறக் காற்று விரிகிறது. இரண்டும் ஓரத்தில் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். கூம்பை வெறுமனே கையில் பிடித்து ஒலிக்கவிட்டால் கனத்த ஒலி காணாமல் போவது இதனால்தான். பின்புற ஒலியை அடைத்து வைக்கத்தான் பெட்டி. அடைபட்ட காற்றும் சும்மா இருப்பதில்லை. அமுக்கினால் திருப்பித் தள்ளும், கம்பிச் சுருள் போல. ஆகவே பெட்டி செய்கிறவன் உண்மையில் அளந்து வைப்பது பலகையை அல்ல, காற்றை.

அவன் வாங்கிய பெட்டியின் முகத்தில் ஒரு குழாய் இருந்தது. கடம் வாசிப்பவரைக் கவனித்திருப்பீர்கள். பானையின் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் கனத்த நாதத்தை மாற்றுவார். உள்ளே இருக்கும் காற்றின் அளவும் வாயின் அளவும் சேர்ந்துதான் அந்த நாதத்தை முடிவு செய்கின்றன. இந்த விதியை 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்து விளக்கினார். குழாய் வைத்த ஒலிப்பெட்டியும் ஒரு கடம்தான்.

அளவுநாடாவை எடுத்து அளந்தோம். உள்ளே சுமார் 35 லிட்டர் காற்று. குழாயின் விட்டம் 10 செ.மீ., நீளம் 10 செ.மீ. கணக்குப் பார்த்தால் அந்தக் கடத்தின் நாதம் 62 ஹெர்ட்ஸ் என்று வந்தது. எண் பலகை ஆடிய இடமும் அதுதான்! அதே குழாயை வைத்து 35 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டுமானால் 47 செ.மீ. நீளம் வேண்டும். பெட்டியின் உள் ஆழமே 30 செ.மீ.தான். வளைத்து வைக்கலாம், புதிதாகச் செய்கிறவனுக்கு அது சிரமம்.

"குழாயே வேண்டாம். முழுக்க மூடிய பெட்டியாக நாமே செய்துவிடலாம்" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதுக்குக் கணக்கு வேணுமே சார். எனக்குக் கணக்கு வராது. ஆறாம் ஆண்டுல நீங்கதானே சொன்னீங்க."

குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. மழை பெய்தது என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னான். எனக்கு அந்த நாள் நினைவில் இல்லை. அவனுக்கு இருந்தது. பதினோரு ஆண்டுகளாக அந்த வார்த்தையை நம்பிக்கொண்டே வளர்ந்திருக்கிறான்.

கொள்ளளவுப் பாடத்தை நான் எப்படி நடத்தினேன் என்று யோசித்துப் பார்த்தேன். நீளம் பெருக்கல் அகலம் பெருக்கல் உயரம் என்று கரும்பலகையில் எழுதி, பாட்டுப் போல ஒப்பிக்க வைத்தேன். வகுப்பில் ஒரு பெட்டிகூட இருந்ததில்லை. பெட்டியில்லாத பாடம் அவனுக்கு வரவில்லை என்றால், தவறு யாருடையது?

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு, தம்பி. உட்காரு" என்றேன்.

ஒலிபெருக்கியோடு வந்த தாளை எடுத்து வரச் சொன்னேன். ஒவ்வொரு நல்ல ஒலிபெருக்கிக்கும் சில எண்கள் உண்டு. 1961-ல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் என்ற பொறியாளரும், 1970-களின் தொடக்கத்தில் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ஸ்மாலும் வகுத்த முறை அது. அதற்கு முன்னால் பெட்டி செய்தவர்கள் பெரும்பாலும் செய்து பார்த்து, கேட்டுப் பார்த்து, மறுபடி அறுத்தார்கள்.

அவனுடைய 12 அங்குல ஒலிபெருக்கிக்கு மூன்று எண்களைக் குறித்துக்கொண்டோம். கூம்பு தன் இயல்பில் ஆடும் வேகம் 30 ஹெர்ட்ஸ். கூம்பின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு 60 லிட்டர். கூம்பின் கட்டுப்பாட்டைக் காட்டும் எண் 0.41. பெட்டிக்குள் வைத்தபின் அந்தக் கடைசி எண் 0.7-க்குப் பக்கத்தில் வந்தால் ஒலி தெளிவாக இருக்கும். ஒன்றை நெருங்க நெருங்க மொத்துகிற சத்தம் கூடும்.

30 லிட்டர் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ 30-ஆல் வகுத்தால் 2. ஒன்றைக் கூட்டினால் 3. அதன் வர்க்கமூலம் 1.73. அதை 0.41-ஆல் பெருக்கினால் 0.71. கேட்டது கிடைத்துவிட்டது! கூம்பின் வேகம் 30-லிருந்து 52 ஹெர்ட்ஸுக்கு ஏறும். அதற்குக் கீழே ஒலி மெல்ல மெல்லக் குறையும். மூடிய வண்டிக்குள் ஆழ்ந்த ஒலிக்குத் தானாகவே கொஞ்சம் வலு கிடைப்பதால் பாதகமில்லை.

அடுத்து அளவு. உள்ளே ஒலிபெருக்கியின் உடம்பு 3 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். பலகை அதிராமல் குறுக்கே கொடுக்கும் கட்டைகள் 2 லிட்டர். ஆக மொத்தம் 35 லிட்டர் வேண்டும். பையன் 40, 35, 25 செ.மீ. என்று மூன்று எண்களை எழுதிப் பெருக்கினான். 35,000. ஆயிரம் கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர்; சரியாக 35. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் படம் வரைந்தபோது அந்த அளவுகளை வெளிப்புறத்துக்குப் போட்டுவிட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. "பலகை எவ்வளவு தடிப்பு?" என்று மட்டும் கேட்டேன்.

"18 மில்லிமீட்டர் சார்." கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தான். பிறகு ஒவ்வோர் அளவிலும் இரண்டு பக்கத்துக்குமாக 3.6 செ.மீ. கழித்தான். 36.4, 31.4, 21.4. பெருக்கினால் இருபத்து நான்கரை லிட்டர்தான். "பத்து லிட்டரைப் பலகை முழுங்கிருச்சே!" என்று கத்தினான். மரத்தில் செய்திருந்தால் காசு போயிருக்கும். காகிதத்தில் செய்ததால் அழிப்பான் தேய்ந்ததோடு சரி.

வெளியளவு 43.6, 38.6, 28.6 செ.மீ. ஆயிற்று. முன்னும் பின்னும் 43.6-க்கு 38.6-ல் இரண்டு பலகை. மேலும் கீழும் 43.6-க்கு 25-ல் இரண்டு. பக்கங்களுக்கு 35-க்கு 25-ல் இரண்டு. பட்டணத்து மரக்கடையில் எம்.டி.எஃப். பலகையை இந்த அளவுக்கே அறுத்துக் கொடுத்தார்கள்.

இணைப்புகளில் மரப்பசை தடவித் திருகாணி போட்டான். திருகாணிக்கு முன் துளை போடாவிட்டால் எம்.டி.எஃப். பிளந்துகொள்ளும். காய்ந்தபின் உள் மூலைகளில் சிலிக்கோன் பூசினான். வெளியே சாயமும் அடித்தான், நம் ஊர் ஈரத்தில் இந்தப் பலகை ஊறிவிடும் அல்லவா? அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் போட வைத்தேன். அந்தத் தூளில் பசையின் இரசாயனமும் கலந்திருக்கிறது.

வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒரு துண்டுப் பலகையைத் தடவிப் பார்த்தார். "இது என்ன மரம் தம்பி?" என்று கேட்டார்.

"கித்தா மரந்தான் பாட்டி" என்றேன். மலேசியாவில் செய்யப்படும் எம்.டி.எஃப். பலகைக்கு ரப்பர் மரம் ஒரு முக்கியமான மூலப்பொருள். பால் வற்றிய மரத்தை வெட்டி, நாராக அரைத்து, பசை சேர்த்து அழுத்திச் செய்கிறார்கள். இருட்டில் எழுந்து பெரட்டுக்குப் போய் முப்பது வருடம் அந்த மரங்களைச் சீவியவர் அவர். "நல்லா அழுத்திப் பசை போடுடா. அது உழைச்ச மரம்" என்று பேரனிடம் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

மின்கம்பி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் கம்பியில், பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். 300 வாட் ஆம்ப்ளிஃபையர் முழு வேகத்தில் 30 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மெல்லிய கம்பி சூடாகும். இரும்புத் தகட்டில் உரசினால் தீப்பிடிக்கும். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். பெட்டியையும் வண்டியோடு இறுக்கிக் கட்ட வேண்டும். 15 கிலோ எடை, விபத்தில் பாறாங்கல்லுக்குச் சமம். முதல் தடவையாகச் செய்கிறவர்கள் தெரிந்த வண்டி மின்வேலைக்காரரை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு பெட்டி வண்டியில் ஏறியது. கூம்பை மெல்ல அமுக்கிவிட்டான். அவசரமில்லாமல் திரும்பி வந்தது. காற்று கசியவில்லை என்று அர்த்தம். அதே உருமிப் பாட்டைப் போட்டான். உருமி உறுமியது. தவில் தவிலாகவே கேட்டது. நண்பர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, கொஞ்சம் குறைச்சு வை. பாட்டி தூங்கணும்" என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய பாராட்டு.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையும். லயத்துக்குள் நுழையும் முன் ஒலியைக் குறைத்துவிடுவேன் என்று பையன் வாக்குக் கொடுத்திருக்கிறான். அடுத்த வீட்டுக் கைக்குழந்தை இதுவரை சாட்சி.

பெற்றோரே, உங்கள் பிள்ளை எதன்மேல் பைத்தியமாக இருக்கிறான் என்று பாருங்கள். அதற்குள் எங்கோ ஒரு பாடம் இருக்கும். 'உனக்கு வராது' என்று சொல்லுமுன், வாத்தியார்களாகிய நாங்களும் ஒரு பெட்டியைக் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். இந்த ஆண்டு என் வகுப்பு மேசைமேல் பையன் செய்து கொடுத்த சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: வெளியளவு 50, 40, 30 செ.மீ. உள்ள பெட்டி. பலகையின் தடிப்பு 2 செ.மீ. உள்ளே எத்தனை லிட்டர் காற்று? இரண்டு பக்கமும் கழிக்க மறக்காதீர்கள். விடை அடுத்த இதழில்.