கை பலமாக இருந்தால் வாயை மூடுங்கள்!

நீங்கள் சீட்டு ஆடுவதுண்டா? "சேச்சே!" என்று சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்க்கிறவர்களும் தாராளமாக மேலே படிக்கலாம். நான் சொல்லப் போவது காசு வைத்து ஆடும் ஆட்டமல்ல. கல்யாண வீட்டில், பெரியவர்கள் பார்த்துக் கொண்டிருக்கும்போதே ஆடும் யோக்கியமான ஆட்டம்.

நாஞ்சில் நாட்டில் கல்யாணத்துக்கு முந்தின இரவுக்கென்று ஒரு தனி ரசம் உண்டு. பின்கட்டில் அவியலுக்குக் காய் நறுக்கும் கூட்டம். முன்பக்கத்துப் படிப்புரையில் 'இருபத்தெட்டு' ஆடும் கூட்டம். தோவாளையும் அகஸ்தீசுவரமும் 1956 நவம்பர் 1-ம் தேதிதான் சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தன. அதுவரை திருவிதாங்கூர்ச் சீமையோடு இருந்தவை அல்லவா? எல்லை மாறியது, சீட்டாட்டம் மாறவில்லை.

இருபத்தெட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நான்கு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். ஏழு முதல் ஆஸ் வரை 32 சீட்டுகள். இதில் ராஜாவுக்கும் ராணிக்கும் மதிப்பில்லை. ஜாக்கிதான் சக்கரவர்த்தி! ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஆக மொத்தம் 28. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டுப் போட்டதும் ஏலம். "பதினாலு", "பதினாறு" என்று கேட்டுக் கொண்டே போகலாம். அதிகம் கேட்டவர் ஒரு சீட்டைத் துருப்பாகக் கவிழ்த்து வைப்பார். பிறகு மிச்சம் நான்கு சீட்டு வரும். கேட்ட அளவுக்கு எடுத்தால் ஜயம்; ஒன்று குறைந்தாலும் தோல்வி.

தோற்றவர்களுக்குத் தண்டனை, காதில் குணுக்கு! எங்கள் வீட்டில் தென்னங்குரும்பையில் ஈர்க்கைச் செருகிக் காதில் மாட்டி விடுவார்கள். கல்யாணத்துக்கு வந்த பெண்கள் எல்லாரும் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். இதைவிட ஆயிரம் ரூபாய் தோற்றிருக்கலாமே என்று தோன்றும்.

எங்கள் மாமா ஒருவர் இருந்தார். சீட்டைப் பார்க்கிறாரோ இல்லையோ, ஏலத்தை மட்டும் விடமாட்டார். யார் என்ன கேட்டாலும் அதற்கு மேல் ஒன்று. "என்ன மருமகனே, கேக்கியா, விடுகியா?" என்று மீசையைத் தடவிக் கொண்டு அவர் போடும் அதட்டலிலேயே பாதிப் பேருக்குக் கை நடுங்கிவிடும்.

கல்லூரியில் படித்துக் கொண்டிருந்த காலம். ஒரு கல்யாண இரவில் எனக்கு அற்புதமான கை வந்தது. இஸ்பேட் ஜாக்கி, இஸ்பேட் ஒன்பது, ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் பத்து. நான்கே சீட்டில் 9 புள்ளி! எனக்குத் தலைகால் புரியவில்லை. "பதினாறு" என்றேன். மாமா "பதினேழு" என்றார். விடுவேனா? பதினெட்டு, பத்தொன்பது என்று ஏறி, "இருபத்திரண்டு!" என்று கத்தினேன். மாமா நிதானமாக ஒரு வெற்றிலையை மடித்தார். "விட்டேன்" என்றார்.

அப்போதுதான் கணக்கு ஞாபகம் வந்தது. நான் 22 எடுக்க வேண்டுமானால், அவர்கள் 7 எடுத்தால் போதும், நான் காலி. மிச்சம் நான்கு சீட்டும் வந்தன, அத்தனையும் குப்பை. மற்ற இரண்டு ஜாக்கிகளும் எதிர்க்கட்சியில். அவையே 6 புள்ளி. இன்னும் ஒன்றுதானே வேண்டும்? எங்களுக்குப் பத்தொன்பதுதான் தேறியது. குணுக்குப் போட்டுக் கொண்டு உட்கார்ந்தேன்.

சுக்குக்காப்பி கொண்டு வந்த ஆச்சி என் காதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மக்களே, கையிலே பெலம் இருக்கப்போ வாயிலே எதுக்குப் பெலம்? கத்துகவன் கத்தட்டும். நீ காத்திரு."

ஆச்சி பள்ளிக்கூடத்துக்குப் போனவள் அல்ல. ஆனால் அவள் சொன்னதைப் பிற்பாடு நான் பென்சிலும் காகிதமும் வைத்துக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 32 சீட்டில் நான்கு சீட்டு 35,960 விதமாக வரலாம். அதில் ஜாக்கியே இல்லாத கைகள் 20,475. அதாவது நூற்றுக்கு 57! இரண்டு ஜாக்கியோ அதற்கு மேலோ வருவது பதினைந்து தடவைக்கு ஒரு தடவைதான். அப்படியிருக்க, ஒவ்வொரு தடவையும் ஏலத்தை ஏற்றுகிற மனிதரின் கையில் என்ன இருக்க முடியும்? பெரும்பாலும் மீசைதான் இருக்கும்.

இன்னொன்று. உங்கள் நான்கு சீட்டில் இரண்டு ஜாக்கி இருந்தால், அதட்டுகிறவரின் நான்கு சீட்டில் ஜாக்கியே இல்லாமலிருக்க நூற்றுக்கு 73 வாய்ப்பு. அவருடைய குரல் உயர உயர, அவர் தம் குழியைத் தாமே ஆழமாக வெட்டுகிறார். நீங்கள் ஏன் மண்வெட்டியைப் பிடுங்க வேண்டும்?

அடுத்த வருஷம் இன்னொரு கல்யாணம், அதே படிப்புரை, அதே மாமா. என் கையில் டைமன் ஜாக்கி, டைமன் ஒன்பது, கிளாவர் ஜாக்கி, ஓர் உதவாத ராஜா. நாக்கு துடித்தது; கடித்துக் கொண்டேன். "விட்டேன்." எதிரே உட்கார்ந்திருந்த அத்தான் பதினாறு கேட்டார். மாமா ஒரே தாவாக "இருபத்தொண்ணு!" என்று அதட்டினார். அத்தானும் விட்டுவிட்டார். இப்போது எங்களுக்கு 8 புள்ளி கிடைத்தால் போதும், மாமா கவிழ்ந்தார்.

முதல் இறக்கு என்னுடையது. டைமன் ஜாக்கியைப் போட்டேன்; அத்தான் அதன் மேல் டைமன் பத்தைப் போட்டார். நாலு. கிளாவர் ஜாக்கியைப் போட்டேன். கிளாவர் ஆஸ் வந்து விழுந்தது. எட்டு! இரண்டே பிடியில் ஆட்டம் முடிந்தது. மாமாவின் துருப்பு கவிழ்ந்தபடியே கிடந்தது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனித்தீர்களா? ஏலத்தில்தான் பொறுமை, ஆட்டத்தில் பொறுமை கூடாது. ஒரு ஜாதிச் சீட்டு மொத்தம் எட்டுத்தான். நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டு. முதல் சுற்றில் பெரும்பாலும் எல்லாரிடமும் அந்த ஜாதி இருக்கும். ஜாக்கி பத்திரமாக வீடு திரும்பும். "அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்" என்று பொத்தி வைத்தால், யாரிடமாவது அந்த ஜாதி தீர்ந்துவிடும். துருப்பை வெளியே எடுக்கச் சொல்லி, சக்கரவர்த்தியை ஒரு ஏழு வெட்டிவிட்டுப் போகும்!

எல்லாப் பலமான கையும் மௌனத்துக்கு ஏற்றதல்ல. வெவ்வேறு ஜாதியில் இரண்டு ஜாக்கி இருந்தால் மௌனம். ஒரே ஜாதியில் ஜாக்கி, ஒன்பது, ஆஸ், பத்து என்று குவிந்து வந்தால் தைரியமாகக் கேளுங்கள். அந்தக் கை நீங்கள் துருப்பு வைத்தால்தான் சிங்கம். அடுத்தவர் துருப்பு வைத்தால் முதல் பிடிக்குப் பிறகு பூனை. எதிரி சாதுவானவராக இருந்தாலும் மௌனம் நஷ்டந்தான். அவர் பதினாலிலேயே நின்று, சுலபமாக ஜயித்துவிட்டுப் போவார். ஐந்தாறு ஆட்டம் ஆளைக் கவனித்த பிறகே உத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல கை வந்தபோதெல்லாம் ஊமையானாலோ, உங்கள் மௌனமே கோள் சொல்லிவிடும்!

மேல்நாட்டில் போக்கர் என்று ஓர் ஆட்டம். ஜான் வான் நாய்மன் என்ற கணித மேதை, ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்ன் என்ற பொருளாதார நிபுணருடன் சேர்ந்து 1944-ல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் அந்தப் போக்கரையும் ஆராய்ந்திருக்கிறார். பொய் மிரட்டலுக்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள்: பலமில்லாதபோது பலம் இருப்பதாகக் காட்டுவது; பலம் உள்ளபோது இல்லாததாகக் காட்டுவது. முதலாவது மாமாவின் வித்தை. இரண்டாவது ஆச்சியின் வித்தை. சுக்குக்காப்பியோடு சேர்த்து ஒரே வாக்கியத்தில் கொடுத்துவிட்டாள் ஆச்சி!

கடைசியாக ஒரு வார்த்தை. இந்த உத்தியைக் கற்றுக் கொண்டு யாராவது காசு வைத்து ஆடக் கிளம்பினால் அந்தப் பாவத்துக்கு நான் ஆளல்ல. ரம்மியில் திறமைக்கே முக்கிய இடம் என்று சொன்ன சுப்ரீம் கோர்ட்டு, 1967-ல் தந்த அதே தீர்ப்பில், மூன்று சீட்டு ஆட்டம் வெறும் அதிர்ஷ்டம் என்றது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டும் சட்டம் இயற்றியது. சட்டம் இருக்கட்டும், நான் சொன்ன கணக்கையே பாருங்கள். நூற்றுக்கு 73 என்றால் மிச்சம் 27 இருக்கிறதே! குணுக்கு ஆட்டத்தில் அந்த இருபத்தேழு வந்தால் ஒரு சிரிப்போடு போயிற்று. வீட்டுச் சாமான் பணத்தை வைத்தவனுக்கு அந்த இருபத்தேழு ஒரே ஒரு தடவை வந்தால் போதும். கைப்பேசியில் ஆடுகிறவனுக்கு எதிரே மீசையும் இல்லை, முகமும் இல்லை. "போதும், எழுந்திரு மக்களே" என்று சொல்ல ஓர் ஆச்சியும் இல்லை.

அன்றிரவு மாமாவின் காதில் நானே குணுக்கு மாட்டினேன். இரண்டு காதிலும் குரும்பை ஆட, அவர் மீசையைத் தடவிக் கொண்டே, "சீட்டைப் போடு மருமகனே" என்றார். அடுத்த ஆட்டத்துக்கு நான்கு சீட்டு விழுந்தன. அவர் முதல் சீட்டைத்தான் எடுத்திருந்தார். அதற்குள்ளே படிப்புரை அதிர ஒரு குரல்:

"பதினெட்டு!"