ஊசிமுனையில் மின்னோட்டம்

நுழையும்முன்

தையலை ஒரு கலையாகவும் மின்னணுவியலை ஓர் அறிவியலாகவும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் பள்ளிப் பருவத்திலேயே பழகிவிடுகிறது. துணியின்மீது நூலாலேயே மின்சுற்று அமைக்கும் தொழில்நுட்பம் அந்தப் பிரிவினையைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. அத்தொழில்நுட்பத்தில் ஊசி பிடிக்கும் கைக்கு உரிய இடம் எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பீங்கான் நகரின் பாடம்

வீட்டில் விளக்குகள் திடீரென அணைந்துபோனால், பெரியவர்கள் முதலில் சென்று பார்த்தது மின்பலகையில் செருகியிருந்த வெள்ளைப் பீங்கான் கட்டையைத்தான். அதைப் பிடுங்கி, உருகிப்போன மெல்லிய கம்பியை மாற்றி, மீண்டும் செருகியதும் வீடு ஒளிபெறும். தாமே மின்னோட்டத்தைத் துண்டித்துக்கொள்ளும் நவீனக் கருவிகள் வந்த பின்னர் அந்த ஃபியூஸ் கட்டைகள் குறைந்துவிட்டன. எனினும் பழைய வீடுகளில் அவற்றை இன்றும் காணலாம். தமிழகத்தில் அத்தகைய கட்டைகளையும் மின்காப்பான்களையும் செய்து பெயர்பெற்ற ஊர், கடலூர் மாவட்டத்து விருத்தாசலம்.

மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலைச் சுற்றி வளர்ந்த பழம்பதி அது. திருமுதுகுன்றம் என்னும் பெயரால் தேவாரம் போற்றும் அவ்வூர், இருபதாம் நூற்றாண்டில் பீங்கான் நகராகவும் அறியப்படலாயிற்று. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் களிமண் அதற்குத் துணைநின்றது. செராமிக் தொழிற்பேட்டையும், செராமிக் தொழில்நுட்பத்தைப் பட்டயப் படிப்பாகக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அங்கு அமைந்தன. அகல்விளக்கும் கொலுப்பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் ஒரே ஊரின் சூளைகளிலிருந்து வெளிவருகின்றன. பொம்மைக்கு முகம் வரையும் கைத்திறனைக் கலை என்பர். கட்டையை அச்சிலிட்டு அழுத்தும் கைத்திறனைத் தொழில் என்பர். சூளைக்கு இந்த வேறுபாடு தெரியாது.

ஈரக் களிமண் மின்சாரத்தைக் கடத்தும். அதே மண் ஃபெல்ஸ்பாருடனும் குவார்ட்சுடனும் கலந்து, ஆயிரம் பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து இறுகியபின் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும். மேற்பூச்சாக அமையும் கண்ணாடி போன்ற மெருகு, ஈரம் உட்புகாமல் காக்கும். மின்னோட்டத்தை ஓடச் செய்வது மின்பொறியியலில் பாதி வேலையே. ஓடக்கூடாத இடத்தில் அதைத் தடுப்பது மறுபாதி. விருத்தாசலம் பல்லாண்டுகளாகச் செய்துவருவது அந்த மறுபாதியை. கம்பிக்குப் பதிலாக நூலையும் பலகைக்குப் பதிலாகத் துணியையும் கொண்டு மின்சுற்று அமைக்க முற்படுவோர்க்கும் இதுவே முதற்பாடம்.

சரிகையில் ஓடும் மின்சாரம்

மின்னணுத் துணி என்பது, சட்டைப்பையில் ஒரு கருவியை வைத்துத் தைப்பதன்று. துணியின் இழையே மின்கம்பியாகவும் பொத்தானாகவும் உணரியாகவும் பணிபுரிவது. வெள்ளி முலாம் பூசிய நைலான் நூலும், தலைமயிரினும் மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிய நூலும் இதற்குப் பயன்படுகின்றன. இவற்றை மேலைநாட்டு ஆய்வகங்களின் புதுமை என்று கருதுவோர் பட்டுப்புடவையின் முந்தானையை ஒருமுறை உற்றுநோக்க வேண்டும். தூய சரிகை என்பது வேறென்ன? வெள்ளியை மெல்லிய கம்பியாக இழுத்து, தட்டையாக்கி, பட்டு நூலின்மேல் சுருளாகச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே அது. உலோகங்களுள் மின்சாரத்தை மிக எளிதாகக் கடத்துவது வெள்ளி. காஞ்சிபுரத்துத் தறிகளில் பாவோடும் ஊடோடும் கலந்து ஓடிய அந்த நூல், தன்னுள் இருந்த மின்கடத்தும் திறனை எவரும் கேட்காததால் சொல்லாமலே இருந்தது.

கேட்டவர்கள் அமெரிக்காவில் இருந்தனர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஊடக ஆய்வகத்தைச் சேர்ந்த ரெமி போஸ்டும் மேகி ஆர்த்தும் 1997ஆம் ஆண்டில், துணியையே மின்சுற்றுப் பலகையாக மாற்றும் தம் முயற்சியை ஓர் ஆய்வுரையாக வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட துணிகளுள் ஒன்று, உலோகத்தகடு சுற்றிய இழையை ஊடையாகக் கொண்ட மெல்லிய பட்டு. அவ்வகைத் துணி இந்தியாவில் நெடுங்காலமாக நெய்யப்பட்டுவருவது. அதே குழுவினர் எஃகு நூலால் பூத்தையலிட்ட எண்பலகையை ஒரு மேற்சட்டையில் அமைத்தனர். விரல் பட்டதும் அது இசை எழுப்பியது.

இதற்கு ஓராண்டு முன்பே, ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய சுந்தரேசன் ஜெயராமன் மற்றொரு வழியில் முயன்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அவர். அவருடைய குழு உருவாக்கிய சட்டையில் ஒளியிழைகளும் மின்கடத்தும் இழைகளும் துணியோடு சேர்த்தே நெய்யப்பட்டன. போர்வீரரின் உடலில் குண்டு பாய்ந்த இடத்தையும் அவருடைய இதயத் துடிப்பையும் அச்சட்டை அறிவிக்கும் என்பது நோக்கம். துணியைப் பற்றிய அறிவே அங்குக் கருவியாயிற்று.

இன்று சந்தையில் மலிந்துள்ள சரிகையெல்லாம் மின்சாரம் கடத்துமா என்றால், இல்லை. நெகிழிப் படலத்தில் உலோகச் சாயலேற்றிச் செய்யப்படும் போலிச் சரிகையின்மேல் காப்புப் பூச்சு இருக்கும். ஒரு பொத்தான் மின்கலமும் ஒரு சிறு ஒளியுமிழ் டையோடும் கையில் இருந்தால் தூயதையும் போலியையும் மாணவர்களே பிரித்தறிய முற்படலாம். விளக்கு எரிந்தால் அங்கு உலோகம் தொடர்ந்து ஓடுகிறது என்பது உறுதி. ஆயினும் அது வெள்ளியா செம்பா என்பதை விளக்கு சொல்லாது.

ஊசி அறிந்த இயற்பியல்

நூல் ஒருபோதும் செம்புக்கம்பி ஆகாது. அதற்கு மின்தடை மிகுதி. மீட்டருக்கு 30 ஓம் மின்தடையுள்ள நூல் ஒன்றைக் கொள்க. மின்கலத்திலிருந்து விளக்கு அரை மீட்டர் தொலைவில் இருந்தால், போகவும் வரவும் ஒரு மீட்டர் நூல் வேண்டும். 20 மில்லிஆம்பியர் மின்னோட்டம் அதில் பாயும்போது 0.6 வோல்ட் நூலிலேயே செலவாகிவிடும். 3 வோல்ட் மின்கலத்தில் எஞ்சுவது 2.4 வோல்ட். சிவப்பு விளக்கிற்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும், அது எரியும். ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும் வெள்ளை விளக்கோ மங்கிப்போகும். இதற்குத் தீர்வு என்ன? அதே தடத்தில் இன்னொரு வரிசை தைத்தால் இரண்டு நூல்களும் பக்க இணைப்பாகி மின்தடை பாதியாகக் குறையும். கிழிசலுக்கு இருமுறை தையலோட்டிய பாட்டிமார் ஓமின் விதியை அறியார். ஆனால் ஒற்றை இழை தாங்காத இடத்தில் இரட்டை இழை ஓட்ட வேண்டும் என்பதை அறிவர்.

இரண்டு தடங்கள் குறுக்கிடும் இடமே பெரிய இடர். காப்புறை இல்லாத நூல் ஒன்றையொன்று தொட்டவுடன் குறுக்குச்சுற்று ஏற்படும், மின்கலம் சூடேறும். ஜர்தோசி வேலையில் இதற்கு உதவும் முறை முன்பே உண்டு. பொன்னிழையைத் துணிக்குள் இழுத்தால் அது நைந்துபோகும் என்பதால், அதைத் துணியின்மேல் படியவைத்து, வேறொரு சாதாரண நூலால் இடையிடையே கட்டிச் செல்வார்கள். மின்கடத்தும் இழையை இவ்வாறு படியவைத்தால், அது துணியின் மறுபக்கத்திற்கே செல்லாது. மறுபக்கத்தில் இன்னொரு தடம் தடையின்றி ஓடலாம். இடையில் இருக்கும் துணியே காப்பான். ஆரி ஊசி இடும் சங்கிலித்தையலில் வளையத்திற்குள் வளையம் கோக்கப்படுவதால், துணி இழுபடும்போது நூல் அறாமல் விட்டுக்கொடுக்கும். முழங்கையும் தோளும் மடங்கும் இடங்களுக்கு அதுவே ஏற்றது. முடிச்சிட்டபின் வால்போல் தொங்கும் நுனியை ஒட்ட நறுக்குவது அழகுக்காக மட்டுமன்று; அந்த நுனி பக்கத்துத் தடத்தைத் தொட்டால் விளக்கு அணையும். நூலை மெழுகில் தோய்த்து இழுக்கும் பழக்கமும் உலோக நூல் பிசிறாமல் காக்கிறது.

நீலகிரித் தோடர் இனப் பெண்களின் பூத்தையல் இவ்வகையில் தனித்து எண்ணத்தக்கது. 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அக்கலையில், வெண்ணிறப் பருத்தித் துணியில் கறுப்பும் சிவப்புமான நூல்கள் ஓடுகின்றன. வரைபடம் எதுவும் துணியில் இடப்படுவதில்லை. பாவிழைகளையும் ஊடிழைகளையும் எண்ணி எண்ணியே ஊசி நகர்கிறது. கணக்கு முழுவதும் மனத்தில் இருக்கிறது. மின்சுற்று வரைவோர் கட்டம்போட்ட தாளில் புள்ளியெண்ணித் தடம் அமைப்பதற்கும் இதற்கும் உள்ள தொலைவு மிகக் குறைவு.

பெயரில்லாத கைகள்

இனி, வேறொரு வினா. இத்தனை அறிவும் யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது?

நிலவுக்கு மனிதரை ஏற்றிச் சென்ற அப்பல்லோ விண்கலத்தின் கணினியில், மாறா நினைவகம் செம்புக்கம்பியால் கோக்கப்பட்டது. காந்த வளையத்தின் ஊடே கம்பி சென்றால் ஒன்று; வெளியே சென்றால் சுழியம். மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் நகர ஆலையில் பெண் தொழிலாளர்கள் ஊசி போன்ற கருவியால் அவற்றைக் கோத்தனர். ஒரு கம்பி தடம் மாறினால் நிரல் பிழையாகும். அந்நிரலை எழுதிய குழுவின் தலைவரான மார்கரெட் ஹாமில்டனை உலகம் இன்று அறிந்துள்ளது, அது நியாயமே. கோத்தவர்களின் பெயர்களை அறிந்தோர் மிகச் சிலரே.

இந்நிலையை மாற்ற முடியும் என்பதற்கும் சான்று உண்டு. துணியில் தைப்பதற்கென்றே, விளிம்பில் பெரிய துளைகள் கொண்ட பூப்போன்ற வட்ட மின்பலகை ஒன்றை லியா பியூக்லி வடிவமைத்தார். 'லில்லிபேட்' என்னும் பெயரில் 2007இல் அது விற்பனைக்கு வந்தது. அதைக் கொண்டு செய்யப்பட்ட ஆக்கங்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை பெண்களுடையவை என்பது தெரியவந்தது. வழக்கமான மின்பலகையில் பெண்கள் செய்தவையோ அரிதாகவே இருந்தன. இரண்டிலும் உள்ளிருந்த மின்னணுவியல் ஒன்றே. மாறியது, ஊசிக்கு இடம் தரும் துளைகள் மட்டுமே.

தமிழகத்தின் சிற்றூர்களில் ஆரி வேலை கற்ற பெண்கள் எண்ணற்றோர். மணமகளின் ரவிக்கைக்குக் கல்லும் மணியும் வைத்துத் தைக்கும் அவர்களுக்கு உருப்படிக் கணக்கில் கூலி கிடைக்கிறது. முகூர்த்த மாதம் கழிந்தால் வேலை இல்லை. மின்னணுத் துணிகள் பெருகும் காலத்தில் அவர்கள், யாரோ அனுப்பும் வரைபடத்தின்மேல் நூலோட்டும் மலிவான கைகளாக மட்டும் அமர்த்தப்படும் வாய்ப்பே மிகுதி. அப்படி நேர்ந்தால் பழைய கூலிக்குப் புதிய நூல் வந்தது என்பதன்றி வேறு மாற்றம் இராது. தடம் எங்கே மடங்க வேண்டும், எந்தத் தையல் எந்தத் துணிக்கு ஏற்கும் என்று முடிவு செய்யும் இடத்தில் அவர்கள் அமர்த்தப்பட வேண்டும். வடிவமைப்பாளருக்குரிய ஊதியமும் தரப்பட வேண்டும். இது சலுகையன்று, அவர்கள் தரும் அறிவுக்கு உரிய விலை.

பள்ளிகளிலும் இதற்கு இடமுண்டு. அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை ஆகியவற்றோடு தையலும் சிறப்பாசிரியர் கற்பிக்கும் பாடமாக இருந்துவருகிறது. தையல் வகுப்பும் இயற்பியல் ஆய்வகமும் ஒரே தாழ்வாரத்தில் இருந்தும் ஒன்றின் கதவு மற்றொன்றின் பக்கம் திறப்பதில்லை. மின்தடையைக் கணக்கிடத் தெரிந்த மாணவருக்குப் பின்தையல் தெரியாது. தெரிந்தவருக்கு அதுவும் இயற்பியலே என்று எவரும் சொன்னதில்லை.

எழக்கூடிய ஐயங்கள்

துவைத்தால் என்னவாகும் என்பது முதல் ஐயம். மின்கலத்தைக் கழற்றிவிட்டு மென்மையாக அலசினால் நூல் தாங்கும். எனினும் காலப்போக்கில் வெள்ளிமுலாம் தேயும். வியர்வையும் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பெட்டியில் வைத்த புடவையில் சரிகை கறுத்துப்போவதைக் கண்ட குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று. வீட்டு மின்னிணைப்பின் 230 வோல்ட் இத்துணிகளுக்கு அருகில் வரவே கூடாது. 3 வோல்ட்டோ 5 வோல்ட்டோ போதும்.

இரண்டாம் ஐயம் இன்னும் வலிமையானது. துணியும் உலோகமும் நெகிழியும் பிரிக்க முடியாதவாறு கலந்த உடை, பழையதானபின் குப்பையாகத்தானே சேரும்? மேலைநாட்டு வணிகம் இதற்குத் தெளிவான விடை சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் தமிழகத் தெருக்களில் "பழைய பட்டுப்புடவை வாங்குவது" என்று குரல் கொடுத்துச் செல்வோர் உண்டு. கிழிந்த புடவையின் சரிகையிலிருந்து வெள்ளியை மீட்டெடுக்கும் தொழில் அக்குரலுக்குப் பின்னால் இருக்கிறது. உலோகம் கலந்த துணி மதிப்பிழப்பதில்லை என்னும் எண்ணம் இங்கு வாழ்க்கையோடு கலந்தது. மின்னணுத் துணியை வடிவமைப்போர், கழற்றிப் பிரிக்கும் வழியையும் முதலிலேயே தைத்துவைக்க வேண்டும் என்று கோருவதற்கு இதைவிடத் தக்க மண் இல்லை.

அத்தகைய முயற்சி ஒன்று விருத்தாசலத்திலேயே தொடங்கலாம். மின்னுலைகளில் சூடேறும் கம்பிகள் ஒன்றையொன்று தொடாதிருக்க, சிறு பீங்கான் மணிகளைக் கம்பியில் கோப்பது பழைய வழக்கம். ஒன்றன் குழியில் அடுத்ததன் முனை பொருந்துவதால், மணிகள் கோத்த கம்பி மீனின் முதுகெலும்புபோல் வளைந்து கொடுக்கும். அதே மணியைக் கடுகளவாகச் செய்தால், துணியில் இரண்டு மின்தடங்கள் குறுக்கிடும் இடத்தில் அது காப்பானாகவும் இருக்கும், அணியாகவும் இருக்கும். மணி கோத்துத் தைப்பது ஆரி வேலையில் அன்றாட நிகழ்ச்சி. செராமிக் பயிலும் மாணவரும், மின்னணுவியல் தெரிந்த ஆசிரியரும், அவ்வூரில் ரவிக்கைக்கு மணி தைக்கும் பெண்ணும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தால் போதும். மணியின் துளை சற்றே சிறிது, இந்த ஊசி நுழையாது என்று அப்பெண் சொல்வார். அடுத்த சூளைக்கு அச்சை மாற்ற வேண்டியிருக்கும். அந்த மாற்றத்தைக் குறித்துவைக்கும் ஏட்டில், அதைச் சொன்னவரின் பெயரும் எழுதப்பட வேண்டும்.